நடுக் கட்டை

ஆயுத பூசை முடிந்து மில் திறந்த அன்றைக்கே மோட்டார் முனகத் தொடங்கிவிட்டது. அதை முதலில் கேட்டவன் யேசுராஜ். கேட்டும் கேட்காதவன்போல இருந்துகொண்டான். பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று தாய்க்கு முன்னாலேயே தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், சொன்னால் வந்துவிடுமோ என்று. அந்தக் கதைதான்.

குருபரப்பள்ளியில் பெருஞ்சாலையை ஒட்டி நின்றது அந்த எண்ணெய் மில். தகரக் கூரை, வரிசையாக ஆறு செக்கு, ஆறையும் சுற்ற ஒரே மோட்டார். மோட்டாரிலிருந்து ஒரு தோல் பட்டை மேலே ஏறி நீளமான இரும்புத் தண்டைச் சுற்றும். தண்டிலிருந்து செக்குக்கு ஒரு பட்டை இறங்கும். மோட்டார் படுத்தால் மில் படுத்தது. கடலைக்காய் அறுவடைக் காலம் வேறு. வாசலில் மூட்டையோடு நிற்கிற வண்டிக்காரர்கள் அரை நாள் பொறுப்பார்கள், அப்புறம் மாட்டைப் பூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் போய்விடுவார்கள். போனவர்கள் அந்த வருஷம் திரும்பமாட்டார்கள்.

மோட்டார் ஓட்டுவது யேசுராஜின் வேலை. கோலார் தங்கவயலில் மின்சாரப் பட்டறையில் எடுபிடியாக இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவன். அங்கே பெரிய மேஸ்திரி சொன்னதைச் செய்து பழக்கம். இங்கே சொல்ல ஆள் இல்லை. மில்லுக்குப் பின்புறம் ஒரு தகர அறையை முதலாளி திம்மராயன் விட்டுக் கொடுத்திருந்தார். அதில் அவன் மனைவி ஆரோக்கியசெல்வி நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு இருந்தாள்.

அந்த அறையில் அவர்களுக்கு முன்னால் இருந்த மோட்டார்க்காரன் கதை அவளுக்கும் தெரியும். போன வருஷம் இதே காலத்தில் மோட்டார் கருகியது. கருகின அன்று சாயங்காலமே அவன் சட்டி பானை, பாய், பிள்ளையின் தூளி எல்லாம் ரோட்டோரத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. மோட்டாரை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோய், உள்ளே செம்புச் சுருளைப் புதிதாகக் கட்டி வருவதற்குள் அறுவடையே முடிந்துவிட்டது. திம்மராயன் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் நிலத்தை ஈடு வைத்து மில் போட்டவர். பயந்த மனிதன் கோபக்காரனைவிட மோசம்.

இந்த வருஷம் மில் திறந்த நாலாம் நாள் காலையில், செக்குகளில் கடலைக்காய்ப் பருப்பு விழுந்ததும் முனகல் உறுமலாகிவிட்டது. தண்டு தயங்கியது. பட்டை தொய்ந்து அடித்தது. யேசுராஜ் பாய்ந்து ஸ்டார்ட்டர் கைப்பிடியைத் தட்டினான். எல்லாம் மெல்ல மெல்ல நின்றது. மோட்டார் முதுகில் உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான்.

"இன்னா யேசு," என்று செக்கு மேட்டிலிருந்து பெருமாள் கத்தினான். அவன் செக்காட்களுக்குத் தலைவன்; கையைவிட வாய் நீளம். "மாசமா இருக்கறது உன் பொண்டாட்டியா, மோட்டாரா? ரெண்டும் முனகுதே!"

சிரித்தார்கள். யேசுராஜும் சிரித்து வைத்தான். முதுகில் வேர்வை ஓடியது.

மோட்டாருக்கு மூன்று கம்பிகளில் கரண்டு வருகிறது. மூன்று பேர் தூக்குகிற மூட்டை அது. ஒருத்தன் கையை விட்டால் மூட்டை கீழே விழுந்துவிடாது. மற்ற இரண்டு பேரும் முதுகு ஒடியச் சுமப்பார்கள். மோட்டாரும் அப்படித்தான், நின்று தொலைக்காது. இழுத்துக்கொண்டே உள்ளுக்குள் வேகும். வெந்தது வெளியே தெரிகிறபோது புகைதான் தெரியும். ஒரு கம்பி கையை விடுகிறது என்பது யேசுராஜுக்குப் புரிந்தது. எந்த இடத்தில் விடுகிறது என்பதுதான் தெரியவில்லை.

இரண்டு பல்புகளைச் சேர்த்துக் கட்டிய சோதனை விளக்கை எடுத்தான். சுவரில் இருந்த இரும்புப் போர்டைத் திறந்து, வந்து நுழைகிற கம்பிகளில் வைத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. பியூஸைத் தாண்டி வெளியே போகிற கம்பிகளில் வைத்தான், பளிச். ஸ்டார்ட்டரில் வைத்தான், அங்கேயும் பளிச். மூன்று கம்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான், ஒரு மாற்றமும் இல்லை. பட்டையைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினான். வெண்ணெய்போல ஓடியது. பட்டையை மாட்டிப் பருப்புப் போட்டதும் மறுபடி அதே உறுமல்.

பாரம் இல்லாதபோது யோக்கியன், பாரம் வைத்தால் திருடன். அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தான், சிக்கல் இல்லை. பேரிங்கைத் திறந்து பார்த்தான், கிரீஸ் இருந்தது. அப்படியானால் நோய் உள்ளே சுருளில். சுருளில் என்றால் பெங்களூர். பெங்களூர் என்றால் ரோட்டோரத்தில் பாய்.

லைன்மேன் வெங்கடசாமிக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அவர் சைக்கிளில் வந்து இறங்கி, கம்பத்தில் ஏறி, மேலே இருந்த இணைப்புகளை எல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஏமப்பா யேசு, லைன்ல ஒண்ணும் இல்ல. மூணும் சுத்தமா வருது. என் வேலை இந்தச் சுவரு வரைக்கும். அந்தாண்டை உன்னுது."

"இந்தாண்டையும் எல்லாம் எரியுதே அண்ணா. லாம்பு வெச்சுப் பாத்துட்டேன்."

"லாம்பை நம்பிக்கினு இருக்கியா?" வெங்கடசாமி பீடியைப் பற்றவைத்தார். "வாய்க்கால்ல மண்ணு அடைச்சிருந்தாலும் ஒரு குருவி குடிக்கத் தண்ணி கசியும். அத்த வெச்சு வயலுக்குப் பாயுமா? எங்கியோ அடைச்சுக்கினு கீது. தேடு."

சொல்லிவிட்டு அவர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். யேசுராஜின் காதில் 'தேடு' மட்டும்தான் விழுந்தது. கழற்றினதையே திரும்பக் கழற்றினான். ஸ்டார்ட்டர் எண்ணெயில் கையை விட்டுத் துழாவினான். திருகுகளை முறுக்கினான். ஒரு திருகை முறுக்கிய முறுக்கில் தலை வழுக்கிப்போனது. அதை மாற்றுவதிலேயே பாதிக் காலை போயிற்று.

உச்சிப்பொழுதில் முதலாளி வந்தார். குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, மோட்டாரைப் பார்க்காமல் வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"சொல்லு."

"லைன் சரியா இருக்குதுங்க. மோட்டார் சும்மா ஓட்டினா நல்லா ஓடுது. பாரம் வெச்சாத்தான்..."

"எனக்குப் பாடம் எடுக்காத. ஓடுமா, ஓடாதா?"

"பாத்துக்கினு இருக்கறேங்க."

"நீ பாத்துக்கினே இரு. பொழுது சாயறதுக்குள்ள ஓடலன்னா பெங்களூருக்கு லாரி சொல்லிடுவேன். லாரியில மோட்டார் ஏறிச்சுன்னா, உன் சாமானும் அது பின்னாலயே ஏறும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

பெருமாள் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். தாழ்த்திய குரல் எல்லாருக்கும் கேட்டது.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. பூசைக்குச் சந்தனம் அரைச்சது யாருன்னு கேட்டுப் பாருங்க."

மூலையில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்த சென்னம்மாளின் முறம் நின்றது. புருஷன் செத்து வருஷங்கள் ஆன பெண் அவள். மில் பெருக்குவது அவள் வேலை; மற்றப் பெண்களோடு புடைப்பதும் உண்டு.

"அறுத்தவ கையால அரைச்ச சந்தனத்தைப் பூசினா மோட்டார் எப்படி ஓடும்? நானும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"நான் தேடிப்போயா அரைச்சேன்?" என்றாள் சென்னம்மாள். "சரோஜம்மா கூப்பிட்டு, கட்டையைக் கையில குடுத்து, அரைடின்னாங்க."

சரோஜம்மாள் முதலாளியின் மனைவி. திம்மராயன் முகம் சிவந்தது. மனைவி பேர் மில்லில் அடிபடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "சரி, நாளையிலருந்து நீ வர வேணாம்," என்றார் சட்டென்று. அப்படிச் சொல்லத்தான் வந்தாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சென்னம்மாள் அழவில்லை. முறத்தைச் சுவரில் சாத்தினாள். புடவையில் ஒட்டியிருந்த தொலியைத் தட்டினாள். "அரைச்ச கைக்கு வேலை போச்சு. அரைக்கச் சொன்ன வாய்க்கு ஒண்ணும் இல்ல. நல்ல நாயம்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். அங்கேயே விறகு பொறுக்கித் தலைச்சுமைக்குக் கட்டிப்போக வேண்டியிருந்தது அவளுக்கு. அன்றைக்கு அடுப்பு எரியவேண்டுமே.

யேசுராஜுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பழி இன்னொருத்தர் தலையில் போய் உட்கார்ந்ததில் வந்த ஆறுதல். அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

தண்ணீர் குடிக்க அறைக்குப் போனான். ஆரோக்கியசெல்வி பாத்திரங்களைக் கழுவிச் சாக்கில் அடுக்கி வைத்திருந்தாள்.

"இப்பவே ஏன் கட்டுற?"

"மழை வரமாதிரி இருக்குது. கடைசி நேரத்துல என்னால குனிஞ்சு எடுக்க முடியாது." சொம்பை நீட்டினாள். "அவங்களைவிட நீதான் ஜாஸ்தியா பூசை பண்ணின. ஒண்ணு விடாம அவுத்துக் கொண்டுபோய் இலையில வெச்ச. அதுக்கும் நல்ல பேரு இல்லையா?"

அவள் சொன்னது உண்மை. பூசைக்கு முதல் நாள் பெருமாள் கேட்டிருந்தான்: "வேதக்காரன் எங்க சாமி காரியத்துல கை வைப்பானா, இல்ல மூக்கைப் பொத்திக்கினு வெளிய நிப்பானா?" வேதக்காரன் என்றால் அங்கே கிறிஸ்தவன். விளையாட்டுக்குக் கேட்டதுபோலத்தான் இருந்தது. யேசுராஜுக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் ஸ்பானர், கொறடு, எண்ணெய்க் குவளை, சோதனை விளக்கு எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பினான். அதுவும் போதாதென்று மெயினை அணைத்து, போர்டிலிருந்த மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். வெள்ளைப் பீங்கானுக்கு ஒரு பொட்டு, இரும்புக்கு ஒரு பொட்டு, செம்புக்கு ஒரு பொட்டு என்று யாரும் வைக்காத அளவுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பினான். "அடேங்கப்பா!" என்றான் பெருமாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவும்.

பூசைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது அங்கே வழக்கம். அவனும் துடைக்கவில்லை. இருந்தது இருந்தபடியே செருகிவிட்டான்.

சொம்பை வைத்துவிட்டு மில்லுக்கு வந்தான். மோட்டார் உடம்பில் எந்தப் பக்கம் அதிகம் சுடுகிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அதன் முதுகு முழுக்கச் சந்தனமும் கடலைத்தூசியும் எண்ணெயும் ஏறியிருந்தன. வழக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தான். பெருமாள் அதைப் பார்த்துவிட்டு, "துடை, துடை. கெட்டதுக்கு மேல கெட்டது," என்றான்.

ஆறு வேண்டாம், இரண்டு செக்கில் மட்டும் பருப்புப் போடச் சொல்லி ஓட்டினான். உறுமல் வந்தது. துடைத்த இடத்தில் கையை வைத்து வைத்து எடுத்தான். எல்லாப் பக்கமும் ஒரே சூடு. ஒன்றும் விளங்கவில்லை.

அப்போதுதான் வாசனை வந்தது. சந்தனம் சூடேறி வருகிற வாசனை. பூசை கழிந்ததிலிருந்தே மில்லில் அந்த வாசனை இருந்தது. புடைக்கிற பெண்கள்கூட, மோட்டார் ஓடினால் கோயிலுக்குள் நிற்கிறமாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோட்டார்மேல் இருக்கிற சந்தனம்தான் என்று அவனும் விட்டுவிட்டான். ஆனால் மோட்டாரை இப்போதுதானே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான்?

மூக்கை உயர்த்தினான். வாசனை கீழே இல்லை. சுவர்ப் பக்கம் போகப் போக ஏறியது. இரும்புப் போர்டின் மூடிமேல் புறங்கையை வைத்தான். நடுவில் வெதுவெதுப்பு.

மோட்டாரை நிறுத்தினான். மெயினை அணைத்தான். மூடியைத் திறந்து முதல் கட்டையைத் தொட்டான், உள்ளங்கைச் சூடுதான். மூன்றாவதும் அப்படியே. நடுக் கட்டையைத் தொட்டவன் விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

துணியைச் சுற்றிப் பிடுங்கினான். செம்புத் தகடு செம்பாகவே இல்லை. பானையடியில் தீய்ந்த சோறுபோலச் சந்தனமும் குங்குமமும் கருகி ஒட்டியிருந்தன. தகட்டைக் கவ்வுகிற வாயும் சூட்டில் பிடிப்பு விட்டுத் தொளதொளத்திருந்தது. வாய்க்காலில் மண் என்றாரே வெங்கடசாமி! பல்பு எரிகிற அளவுக்கு அந்தப் பற்றின் வழியே கரண்டு கசிந்திருக்கிறது. மோட்டார் பாரத்தோடு இழுக்கிறபோது அடைத்துக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டு கட்டைகளில் பொட்டு எப்படியோ கவ்வு படாத இடத்தில் விழுந்திருந்தது. தப்பித்தன.

தன் கையால் வைத்த பொட்டு.

யாரும் பார்க்கவில்லை. உப்புத்தாளை எடுத்துத் தகட்டை மினுமினுக்கத் தேய்த்தான். கவ்வைக் கொறடால் இறுக்கினான். மற்ற இரண்டையும் சுரண்டிச் சுத்தம் செய்தான். மூன்றையும் செருகி, மூடியை மூடி, மெயினைப் போட்டான். கறுப்பு ஏறிய உப்புத்தாள் சட்டைப் பையில் இருந்தது.

"எல்லாச் செக்குலயும் போடு!"

பருப்பு விழுந்தது. கைப்பிடியைத் தள்ளினான். தண்டு ஒரு சுற்றுச் சுற்றியது, வேகம் பிடித்தது, ஆறு செக்கும் ஒரே மூச்சில் கரகரத்தன. உறுமல் இல்லை. பட்டை தட்டுகிற சத்தம் மட்டும் ஒரே தாளத்தில் வந்தது. அவன் மோட்டாரிலிருந்து கையை எடுக்காமல் நின்றான். சூடு ஏறவில்லை.

"பாத்தீங்களா மொதலாளி!" பெருமாள் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு குதித்தான். "அவ வாசப்படி தாண்டினா, மோட்டார் ஓடுது! நான் சொன்னேனா இல்லையா?"

செக்காட்கள் தலையாட்டினார்கள். திம்மராயன் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு. "கற்பூரம் கொளுத்துங்கடா," என்றார். யேசுராஜைப் பார்த்துச் சிரித்தார். அவர் அவனைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வாசல் வழியே யேசுராஜுக்குப் புளியமரம் தெரிந்தது. சென்னம்மாள் காதிலும் பெருமாள் சொன்னது விழுந்திருக்க வேண்டும். எழுந்து, முந்தானையைத் தலையில் சும்மாடு கோலி, விறகுக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இனிமேல் இந்தச் சுற்றுவட்டத்தில் எந்தக் களத்திலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள். மோட்டாரையே படுக்கவைத்தவள் என்று பேர் போகும்.

சும்மா இருந்தால் போதும். சாக்கில் கட்டிய பாத்திரத்தை ஆரோக்கியசெல்வி பிரித்து அடுக்கிவிடலாம். பின்வாசலில் அவள் வந்து நிற்பது தெரிந்தது. சத்தத்தை வைத்தே அவளுக்குப் புரிந்திருக்கும். வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

யேசுராஜ் பட்டையைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைத் தட்டினான். மில் அடங்கியது.

"டேய்! எதுக்குடா நிறுத்தின?" திம்மராயன் அலறினார்.

"சந்தனம்தாங்க காரணம்," என்றான் யேசுராஜ். வாசல்வரை கேட்கும்படி திரும்பச் சொன்னான்.

"அதத்தானே நானும் சொல்றேன்!" என்றான் பெருமாள்.

"அரைச்ச கையில இல்லண்ணா. வெச்ச கையில. வெச்சது நானு." உப்புத்தாளை எடுத்து நீட்டினான். "பியூஸ் கட்டையில செம்பும் செம்பும் ஒட்டற எடத்துல பொட்டு வெச்சு அப்படியே சொருகிட்டேன். அது காஞ்சு, கருகி, கரண்டை அடைச்சிடுச்சு. சாமியே வந்து அரைச்சுக் குடுத்திருந்தாலும் இதான் ஆயிருக்கும். அந்தம்மாளைக் கூப்புடுங்க."

திம்மராயன் தாளை வாங்கி முகர்ந்து பார்த்தார். விரலால் தேய்த்தார்.

"செம்புல வெக்கச் சொன்னது யாரு உன்ன?"

"யாரும் சொல்லலீங்க. வேதக்காரன் வெக்க மாட்டான்னு சொல்லிடுவாங்களோன்னு... எல்லாத்துக்கும் வெச்சிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பெருமாள் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினான். ஒரு வண்டிக்காரன் கன்னடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"போன வருசம்," என்று ஆரம்பித்தார் திம்மராயன். போர்டைப் பார்த்தார். "போன வருசம் போர்டுக்குச் சந்தனம் வெச்சது..." முடிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். மழையில் கிடந்த பாயும் தூளியும் அவர் நினைவுக்கு வந்தனவோ என்னவோ, வெகுநேரம் நிமிரவில்லை.

"பெருமாளு, போயி சென்னம்மாளைக் கூட்டிக்கினு வா."

"நானா?"

"நீதான்."

பெருமாள் போனபிறகு அவர் யேசுராஜின் பக்கத்தில் வந்தார். யேசுராஜ் அடுத்த சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். லாரி என்பாரா, சாமான் என்பாரா?

"இங்க பாரு. அடுத்த வருசமும் பூசை வரும். போர்டுக்கும் பொட்டு வைக்கணும்னு எவனாவது நிப்பான். நான் தடுக்க மாட்டேன். சாமி காரியத்தைத் தடுத்தான்னு ஊருல எனக்குப் பேரு வேணாம். நீ போர்டுக்கு முன்னால நின்னு தடுக்கணும். வேதக்காரன் தடுத்துட்டான்னு பேசுவாங்க. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அடிக்க வந்தாலும் வருவாங்க. முடியுமா உன்னால? முடியும்னா இரு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

எதற்குப் பயந்து பொட்டு வைத்தானோ அதையே வேலையாகக் கொடுக்கிறார். யேசுராஜ் பின்வாசலைப் பார்த்தான்.

"நிக்கறேங்க," என்றான்.

"அப்ப ஓட்டு. வண்டிங்க காத்துக்கினு கீது."

மோட்டார் திரும்ப எழுந்தது. சென்னம்மாள் விறகைச் சுவரோரம் இறக்கிவிட்டு முறத்தை எடுத்தாள். அவனைத் தாண்டிப் போகிறபோது நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்லியிருந்தா நான் ரோட்டைத் தாண்டியிருப்பேன். இல்ல?"

அவன் தலை குனிந்துகொண்டான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூலைக்குப் போய்ப் புடைக்க உட்கார்ந்தாள்.

மேட்டிலிருந்து பெருமாளின் குரல் வந்துவிட்டது. "ஏ வேதக்காரா! அடுத்த வருசம் போர்டுக்கிட்ட வரலாமா, இல்ல உன்னைக் கேட்டுத்தான் வரணுமா?" ஆட்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை யேசுராஜ் சேர்ந்து சிரிக்கவில்லை. போர்டின் மூடிமேல், நடுவில், புறங்கையை வைத்துப் பார்த்தான். எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தான்.